முழுதாக எழுதிக் கொடுத்தவன்

சரக்கு லாரிகளுக்கு நேரம் குறிக்கும் பழைய கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றை அந்தக் கம்பெனியில் பதினாறு வருஷமாகக் கட்டி மேய்த்தவன் பெரியவன். வீட்டுக்கு மூத்த பிள்ளை என்பதால் வந்த பெயர் அது. மாதக் கடைசியில் புரோகிராம் படுத்துக்கொள்ளும். அதை எங்கே தட்டினால் எழுந்திருக்கும் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு நாள் மேனேஜர் அம்மாள் அவனையும், அவனிடம் வேலை பழகிய, எல்லோரும் சிரிச்சமுகம் என்று கூப்பிடும் பையனையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சதை எல்லாம் நாலு வாரத்துல எழுதிக் கொடுத்துடுங்க. அப்புறம் இந்த வேலைக்கு ஒரு ஆள் போதுமான்னு மேல பார்ப்பாங்க."

பூசி மெழுகாமல் சொன்னாள். அந்த மட்டுக்கும் நல்லவள்தான்.

காபி மெஷின் பக்கத்தில் சிரிச்சமுகம் அவன் காதைக் கடித்தான். "அண்ணே, அந்த மாசக் கடைசி விஷயத்தை மட்டும் எழுதாதீங்க. நான்கூடத் தெரிஞ்சதுல பாதிதான் எழுதப்போறேன்."

"உனக்குத் தெரிஞ்சதே பாதிதானேடா."

"அப்ப கால்வாசி!"

வீட்டிலும் அதே பேச்சு. ஒற்றை அறை, மகள் கட்டிலில் புத்தகங்களைப் பரப்பியிருந்தாள். மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு மாசம் வாடகை தவறினா நம்ம சாமான் நடைபாதைக்கு வந்துடும். பாப்பாவுக்குப் பரீட்சை வருஷம். ஒரு பக்கத்தை மறந்துட்டதா நினைச்சுக்கோங்களேன்."

"எங்கப்பா கிடங்குப் பொறுப்பை ஒப்படைச்சப்ப ஒரு ஆணி குறையலை. எங்க குடும்பத்துல அரைகுறையா ஒப்படைச்சவன் கிடையாது."

"உங்கப்பா ஓய்வு வயசுல ஒப்படைச்சார். உங்களுக்கு நாப்பத்தேழு."

அவன் நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதினான். மாதக் கடைசி விஷயத்துக்கு மட்டும் ஏழு பக்கம், படம் போட்டு. சிரிச்சமுகம் கொடுத்தது ஒன்பது பக்கம்.

அந்த மாதக் கடைசியில் சிரிச்சமுகம் அந்த ஏழு பக்கத்தையும் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்தில் புரோகிராமை எழுப்பிவிட்டான். பின்னால் நின்று பார்த்த பெரியவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. மறுநாள் அவனுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். "இவ்வளவு சுத்தமா இதுவரைக்கும் யாரும் எழுதிக் கொடுத்ததில்லை" என்றாள் மேனேஜர் அம்மாள். சிரிச்சமுகத்தின் சம்பளம் அவனுடையதில் பாதி.

பதினோரு வாரம் ஓடியது. வேலை கேட்டுப் போன இடங்களில் மகள் வயதுக்குச் சற்றே மூத்தவர்கள் கேள்வி கேட்டார்கள். பதில் போடுவதாகச் சொன்னார்கள், போடவில்லை. சனிக்கிழமை தோறும் நாலு குடும்பம் சேர்ந்து, முறை வைத்துச் செலவு செய்து, வெளியே சாப்பிடும் வழக்கம் இருந்தது. நம் முறைக்கு நாம் செலவு செய்ய முடியாத இடத்தில் கை நனைக்கக் கூடாதென்று அவனாகவே போவதை நிறுத்திக்கொண்டான். ஏன் வரவில்லை என்று இரண்டு வாரம் கேட்டார்கள். அப்புறம் கேட்கவில்லை.

அப்போதுதான் மேனேஜர் அம்மாளின் போன் வந்தது. புரோகிராமில் சில மாற்றங்கள் செய்கிறார்களாம். அதற்கேற்ப அவன் எழுதிக் கொடுத்த பக்கங்களைத் திருத்த ஆள் வேண்டுமாம். மணிக்கணக்கில் கூலி. சிரிச்சமுகத்துக்குக் கீழே.

"நான் வேலை பழக்கினவன்கிட்ட நானே கூலிக்கு நிக்கறதா? மன்னிக்கணும் அம்மா, முடியாது," என்று வைத்துவிட்டான்.

மனைவி தன் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். காகிதம் மாதிரிச் சுவர்.

"மேடம், அவர் வீட்டுக்காரி பேசறேன்... ஏதோ கோபத்துல சொல்லிட்டார்... நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்... வருவார் மேடம், நான் அனுப்பி வைக்கறேன்..."

இருபது வருஷத்தில் அவள் அந்தக் குரலில் பேசி அவன் கேட்டதில்லை. பெற்ற தாயிடம்கூட அவள் தலை நிமிர்ந்துதான் பேசுவாள். அவன் எழுந்து நின்றான். ஒற்றை அறையில் எங்கே போவது? மகள் புத்தகத்தைப் பார்த்தபடியே இருந்தாள், பக்கம் புரளவில்லை.

கதவு திறந்தது.

"திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு. வாசல்ல தற்காலிக அட்டை தருவாங்களாம்."

"கெஞ்சினியா?"

"ஆமா."

மேலே கேட்க அவனுக்கு என்ன முகம் இருந்தது?

திங்கட்கிழமை அவனைக் கண்டதும் சிரிச்சமுகம் நாற்காலியை விட்டு எழுந்தான். "அண்ணே, உட்காருங்க."

"முதல்ல நேரத்தைக் குறிச்சுக்கோ."

"ஐயோ, நமக்குள்ள எதுக்கு அண்ணே?"

"மணிக்கணக்குல கூலியாச்சே." சட்டைக் கையைக் கீழிறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டான். "ஒன்பது அஞ்சுன்னு போடுங்க. லிஃப்ட்டுக்கு நின்ன நேரத்துக்குக் கூலி வேண்டாம்."