சாவி இருந்தும்

தையல்காரம்மாவுக்கும் பக்கத்து வீட்டு பேக்கரிக்காரிக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு சுவர்தான். அவசரம் என்றால் கத்தரிக்கோல் பிடியால் இரண்டு தட்டு தட்டினால் போதும், மறுபக்கத்துக்காரி வந்து நிற்பாள். பேக்கரிக்காரி விடியுமுன் வேலைக்கு ஓடிய வருஷங்களில் அவள் மகளைக் குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கு அனுப்பியது யார்? இந்தத் தையல்காரம்மாதான். கூடப் பிறந்தவள்கூட இவ்வளவு செய்திருப்பாளா, சொல்லுங்கள்.

தையல்காரம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து தேறியதும், அரசாங்கம் உதவிக்கு ஒரு பெண்ணை அனுப்பியது. காலையும் மாலையும் வருவாள். தங்கமான பெண், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அவள் வர ஆரம்பித்ததிலிருந்து பேக்கரிக்காரியின் வரவு தேய்ந்தது. தினமும் வந்தவள் எப்போதாவது எட்டிப் பார்த்தாள். பிறகு மாடிப்படியில் ஒரு சிரிப்போடு சரி. கேட்டால், "உனக்கென்னக்கா, கவர்மென்ட்டே ஆள் போட்டிருக்கு" என்பாள். கேலிதானே என்று தையல்காரம்மாவும் சிரித்து வைத்தாள்.

ஒரு நாள் மதியம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கால் அசையவில்லை. போன் கூடத்தில் கிடந்தது. கைக்கு எட்டிய குவளையால் சுவரில் தட்டினாள். அந்தப் பக்கம் டிவி சத்தம் அடங்கியது. அப்பாடா, வந்துவிடுவாள் என்று போன உயிர் திரும்பி வந்தது.

வந்தது பேக்கரிக்காரி போனில் பேசும் குரல்தான். "பக்கத்து வீட்ல ஒரு வயசானவங்க விழுந்துட்டாங்க போல. இல்லீங்க, நான் போய்ப் பார்க்கல. நீங்க ஆள் அனுப்புங்க."

ஒரு வயசானவங்களாம்! கொஞ்ச நேரத்தில் டிவி பழையபடி அலற ஆரம்பித்தது. இடுப்பு வலியைக்கூடப் பொறுத்துக்கொண்ட தையல்காரம்மாவுக்கு அதைப் பொறுக்க முடியவில்லை. அடிப்பாவி, உனக்கு நான் யாரோவா என்று ஈரத் தரையில் கிடந்தபடி வாய்விட்டு அழுதாள்.

ஆம்புலன்ஸ்காரர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது சாட்சாத் பேக்கரிக்காரியேதான். இத்தனை நேரமும் வீட்டின் மாற்றுச் சாவி அவளிடம்தான் இருந்தது.

"நாம தூக்கப்போய் ஏதாவது ஆயிட்டா யாரு பதில் சொல்றது, அக்கா? அதான் உடனே போன் பண்ணிட்டேன்" என்றாள். முகத்தில் கடமையை முடித்துவிட்ட நிம்மதி.

ஸ்ட்ரெச்சரைத் தூக்கியவர்களில் ஒருவன், கூட வர ஆள் உண்டா என்று கேட்டான். பேக்கரிக்காரி குனிந்து செருப்பைத் தேடினாள். தையல்காரம்மா அவள் முன் கையை நீட்டினாள்.

"சாவியக் குடு."

வாங்கிக்கொண்டதும் அவன் பக்கம் திரும்பினாள்.

"கூட வர யாரும் இல்லப்பா. போகலாம்."