பதினோராம் அதிகாரம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அந்த வாரம் வேலையில் மனம் ஒட்டவில்லை. ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் கதவு மூடுவதும் தானாகத் திறப்பதுமாக இருந்தது. வயரைப் பிரித்தார், சென்சாரை மாற்றினார். கதவு ஓடும் பள்ளத்தில் ஒரு சட்டைப் பொத்தான் சிக்கியிருந்தது கண்ணில் படவே அரை நாள் ஆனது.

நினைப்பெல்லாம் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இருந்தது. ஐந்து குடும்பங்கள் முறைவைத்து வீடு வீடாகக் கூடி வேதம், அதாவது பைபிள் வாசிப்பார்கள். வாரத்துக்கு ஓர் அதிகாரம், எதையும் தாண்டக் கூடாது என்பது அவர்களே போட்டுக்கொண்ட விதி. இந்த வாரம் அவர் வீடு. நியாயாதிபதிகள் புத்தகம், பதினோராம் அதிகாரம். வாசிக்க வேண்டியவர் வீட்டுக்காரர்.

போருக்குப் போகிற யெப்தா, ஜெயித்துத் திரும்பும்போது தன் வீட்டிலிருந்து எதிரே வருவதைத் தகனபலியாக எரித்துக் கொடுப்பதாக ஆண்டவரிடம் பொருத்தனை பண்ணி நேர்ந்துகொள்கிறான். ஜெயித்து வருகிறான். எதிரே ஆடிக்கொண்டு வருவது அவனுடைய ஒரே மகள்.

மெக்கானிக்கும் ஒரு பொருத்தனை பண்ணியிருந்தார். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், ஏழாம் மாதத்திலேயே பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த மகளைப் பார்த்து, "இவ பொழைச்சா உம்ம ஊழியத்துக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். பிள்ளை பிழைத்தது. உள்ளங்கை அளவே இருந்ததால் குருவி என்ற பேரும் நிலைத்தது. விஷயம் மனைவிக்கு மட்டும் தெரியும். இப்போது குருவிக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அவர் பையிலோ சபை ஊழியர்களுக்கான பயிற்சிப் பள்ளியின் விண்ணப்பம் கிடக்கிறது, குருவியின் கையெழுத்துக்காக.

"அவகிட்ட சொல்லிடுங்க," என்றாள் மனைவி, புதன்கிழமை ராத்திரி.

"எப்படிச் சொல்றது? இந்த நேரம் பார்த்து காலேஜ் லெட்டரைக் கொண்டாந்து என்னை இடிச்சுப் போட்டுட்டாளே."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முன்னறையில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அவர் வாசிக்கத் தொடங்கினார். மகளைக் கண்ட யெப்தா உடையைக் கிழித்துக்கொள்கிறான். நீ என்னை மனமடியவும் கலங்கவும் பண்ணுகிறாய் என்று அவளிடமே சொல்கிறான். அந்த வரியை அவர் இரண்டு முறை வாசித்தார். பலியாகப் போகிறவள் அவள். பழியும் அவள் மேலேயே. இரண்டு நாளைக்கு முன்பு மனைவியிடம் தன் வாயிலிருந்து வந்ததும் அந்தப் பழிதானே?

யெப்தா பொருத்தனைப்படியே செய்தான் என்பது வரை ஒருவழியாக வாசித்து முடித்தார்.

"அவளைக் கொல்லலை, கல்யாணம் பண்ணாம கோயில்ல விட்டுட்டான்னு சிலர் சொல்றாங்க," என்றார் தபால்காரர்.

"அப்படி இருந்தா எனக்கும் நிம்மதிதான்," என்றார் பல் டாக்டரம்மா. "ஆனா அப்படி எழுதலையே."

குருவி சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். "ஆபிரகாம் தன் மகனைப் பலி கொடுக்கக் கத்தியை எடுத்தப்போ, வேண்டாம்னு வானத்துலேர்ந்து சத்தம் வந்துச்சு. இந்தப் பொண்ணுக்கு ஏன் வரலை?"

தபால்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியலைம்மா. எனக்கும் இந்த இடம் செரிக்கவே இல்லை. வாசிச்சுட்டு ஆண்டவர்கிட்ட சண்டை போடுவேன். அதுக்கும் அவர்கிட்டதானே போக வேண்டியிருக்கு."

எல்லோரும் போன பிறகு சமையலறையில் அவர் டீ கிளாஸ்களைக் கழுவினார். குருவி துடைத்து அடுக்கினாள். குழாயை மூடிவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். விண்ணப்பத்தையும் எடுத்துக் காட்டினார்.

"பதினெட்டு வருஷமா சொல்லவே இல்லையா?"

"நீ சின்னப் பிள்ளையா இருந்தே."

"போன வாரமுமா?"

அவள் விண்ணப்பத்தை மேலிருந்து கீழ் வரை படித்தாள். "என் பிறந்த தேதியே தப்பு," என்று மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். இரண்டு நாள் அப்பாவிடம் பேசவில்லை.

திங்கட்கிழமை அவர் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் அறைக்குள் தனியாக இருந்தார். அங்கே எண்ணெய்க் கறைத் தரையில் முழங்கால் போட்டார். "ஆண்டவரே, எனக்குச் சொந்தமில்லாததை உமக்குக் கொடுத்துட்டேன். அவ வாழ்க்கை அவளோடது. தப்பு என்னோடது, அதை என்கிட்டயே கேளும். யெப்தாவோட பொண்ணு விஷயத்துல மட்டும் உம்மேல எனக்கு இன்னும் வருத்தம் இருக்கு. மறைக்க மாட்டேன்."

வானத்திலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. கீழே யாரோ பொத்தானை அழுத்த, மோட்டார்தான் ஓடத் தொடங்கியது. பொருத்தனையை மீறுகிற பயம் போய்விடவில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போனதும் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டார்.

குருவி அதைப் பார்த்தாள். "கோபம் இன்னும் போகலைப்பா."

"இருக்கட்டும்மா."

"ஆனா நான் பொழைக்கணும்னுதானே கேட்டீங்க. அது எனக்குப் புரியுது."

கல்லூரி திறந்த அன்று, அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரும் பஸ் ஏறினார். பாதி வழியில், "என்னப்பா, பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. உனக்கு?"

"எனக்கும்தான். பூனை, நாய் பரவாயில்லை. மாட்டை நான் கிட்டத்துல பார்த்ததே இல்லை."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முறைத்தாள்; பிறகு அவளும் சிரித்தாள்.