மூன்று தடவை கேட்பாள்

லிஃப்ட் கம்பெனியின் வரவேற்பறையில் அவள் முக்கால் மணி நேரமாகக் காத்திருந்தாள். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் முதலில் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மேனேஜரப் பாக்கணும், அஞ்சு நிமிஷம் போதும்" என்று இவள் வாயைத் திறந்ததும் அந்தப் பெண்ணின் முகமே மாறிவிட்டது. "அக்கா, நீங்களா! குரல வச்சே கண்டுபிடிச்சிட்டேன்" என்று மேஜையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து செல்ஃபி எடுத்துக்கொண்டாள். முப்பத்தொரு வயதில் இவள் ஊருக்கெல்லாம் அக்கா. தலை நரைத்தவர்கள்கூட அக்கா என்றுதான் எழுதுவார்கள். வீட்டில் மட்டும் குட்டி.

குட்டி இருபத்துநாலு வயதில் தொடங்கியது, மருத்துவக் கட்டில்களை வீடுகளுக்கு வாடகைக்கு விடும் தொழில். அப்பா இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது, தலைமாட்டை ஏற்றி இறக்குகிற கட்டில் ஒன்றுக்காக அவளும் கூடப்பிறந்த அக்காவும் நாயாய் அலைந்ததில் பிறந்த யோசனை. ஐந்தே வருடத்தில் ஒரு பெரிய நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. வந்த பணத்தை நான்கு புதிய தொழில்களில் போட்டாள். போட்ட கையோடு ஒரு மைக்கும் வாங்கினாள். 'முதல் அடி' என்று பாட்காஸ்ட். வாரம் ஓர் ஆளை உட்காரவைத்துப் பேசினாள். ஆரம்பத்தில் கேட்டவர்கள் நூறு பேர்கூடத் தேறமாட்டார்கள். அதைத் தூக்கி நிறுத்தியவர் அத்தான், அக்காவின் கணவர்.

அத்தான் இந்த லிஃப்ட் கம்பெனியில் பதினாலு வருடம் மெக்கானிக்காக இருந்தவர். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே எது எப்போது பழுதாகும் என்று சொல்லிவிடுவார். அந்தக் காதை ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைத்துவிட்டால் எப்படி இருக்கும் என்று சாப்பிட்டுக்கொண்டே சொல்வது அவர் வழக்கம். சும்மா சொல்வதுதான். குட்டி அதைப் பிடித்துக்கொண்டாள். அவரை மைக் முன்னால் உட்காரவைத்தாள். பேச்சு சூடேறியிருந்த நேரத்தில், "அப்போ ராஜினாமாவ இப்பவே அனுப்பிடுங்களேன் அத்தான்" என்றாள். அவர் சிரித்தார். "நிச்சயமா?" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை அவர் போனை எடுத்து அனுப்பியே விட்டார்.

ஒரே வாரத்தில் நாலு லட்சம் பேர் அதைக் கேட்டார்கள். அதற்குப் பிறகு மாதம் ஒருவர் அவளுடைய மைக் முன்னால் வேலையை விட்டார். மூன்று தடவை கேட்பது நிகழ்ச்சியின் முத்திரையாகிப்போனது.

இரண்டு வருடம் ஓடிவிட்டது. அவள் பணம் போட்ட நான்கில் மூன்று இழுத்து மூடப்பட்டுவிட்டன. மிச்சம் அத்தானுடைய பெட்டி. அது சத்தத்தைக் கேட்கத்தான் செய்தது. அளவுக்கு மீறிக் கேட்டது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் ஆபத்து என்று அலறி லிஃப்டை நிறுத்தியது. பன்னிரண்டு கட்டடங்களில் பதினொன்று கழன்றுகொண்டன. கடைசியாக நம்பியிருந்த முதலீட்டாளர்களும் போன திங்கட்கிழமை கையை விரித்துவிட்டார்கள். அதை அவள் அத்தானிடம் சொல்லவில்லை. பார்க்கும்போதெல்லாம் அவர், "அடுத்த மாசம் சரியாயிடும் குட்டி" என்பார். "ஆகாம எங்க போகும் அத்தான்" என்பாள் இவள்.

நேற்று அக்கா போன் செய்திருந்தாள். "குளிக்கப் போறாரு. தண்ணியத் திறந்து விட்டுடறாரு. ஆனா குளிக்கிற சத்தம் வரல குட்டி. அரை மணி நேரம் உள்ள சும்மா நிக்கிறாரு." "நீ ஏதாவது பண்ணு" என்று வைத்துவிட்டாள்.

அதனால்தான் இங்கே வந்திருந்தாள்.

மேனேஜர் ஐம்பது தாண்டியவர். ஒரு காலத்தில் அவரும் ஸ்பேனர் பிடித்தவர்தான். நகக்கண்களில் இன்னும் கருப்பு போகவில்லை. உட்காரச் சொன்னார். அவள் சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அத்தானுக்குத் திரும்ப வேலை வேணும் சார். எந்த வேலையா இருந்தாலும் சரி. நான் வந்தது அவருக்குத் தெரியாது."

மேனேஜர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். "போன வாரம் அவனே வந்தான்மா. நீங்க உக்காந்திருக்கிற அதே நாற்காலி. 'குட்டிக்குத் தெரிய வேணாம் சார், அவ ஒடிஞ்சு போயிடுவா'ன்னான்."

அடுத்த மாசம் சரியாயிடும் என்று போன ஞாயிற்றுக்கிழமைகூடச் சொன்னாரே. வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னாரே.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? உங்க நிகழ்ச்சியில என்னப் பத்தி அவன ஒரு வார்த்தை சொல்ல வச்சீங்க. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. 'உங்க மேனேஜர் எப்படி' என்று அவள்தான் கிண்டிவிட்டாள். 'தரைத்தளத்துலயே நின்னுபோன லிஃப்ட்' என்றார் அத்தான். அவள் விழுந்து விழுந்து சிரித்து, அந்தத் துண்டையே நிகழ்ச்சியின் முகப்பில் வைத்தாள்.

"அது போகட்டும். தொடச்சுப் போட்டுட்டுப் போற ஆளு நான். ஆனா அவன் கடிதம் நேரா முதலாளிக்குப் போயிடுச்சு. அவன் வேலைய விட்டது எனக்கு எப்படித் தெரிஞ்சுது தெரியுமா? காலேஜ்ல இருந்து என் மக போன் பண்ணி, 'அப்பா, உங்களச் சொல்லி எல்லாரும் சிரிக்கிறாங்க'ன்னா. பதினாலு வருஷம் ஒண்ணா வேல பாத்திருக்கோம். ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?"

"அந்த நிகழ்ச்சிய எடுத்துடறேன் சார். இன்னிக்கே எடுத்துடறேன்."

"எடுங்க. கேட்டவங்க காதுல இருந்து எப்படி எடுப்பீங்க?"

குத்திக்காட்டுவதற்காகக் கேட்டதுபோல் இல்லை. நிஜமாகவே அதற்கு ஒரு வழி இருக்கிறதா என்று விசாரிப்பவரைப் போலக் கேட்டார். "அதக் கேட்டுட்டு இங்க இருந்து இன்னும் மூணு பேரு போனாங்க. முதலாளி அவன் பேர எடுத்தாலே எரிஞ்சு விழறாரு. நான் ரெண்டு தடவை கேட்டுப் பாத்துட்டேன். முடியலம்மா."

காலில் விழவும் அவள் தயாராக இருந்தாள். அதற்குள் அவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டு மணிக்கு ஒலிப்பதிவு. ஓர் அச்சகத்தின் மாடியில், சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டிய சின்ன அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரன். இந்த மாதம் வேலையை விட வந்திருந்தவள் இருபத்தாறு வயதுப் பெண். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஐந்து வருட வேலை. குழந்தைகள் உடுப்பு தைத்து விற்க வேண்டும் என்று ஆசை. இரண்டு மெஷின் வாங்கிப் போட்டிருந்தாள். அம்மா அவள் சம்பளத்தில்தான் இருந்தாள். இந்தப் பேச்சுக்காகக் காலையிலேயே தலைக்குக் குளித்து, புதுச் செருப்பு போட்டு, மடியில் போனை வைத்துக்கொண்டு பரீட்சை எழுதப் போகிறவளைப் போல உட்கார்ந்திருந்தாள். ராஜினாமாக் கடிதம் அதில் தயாராக இருந்தது.

குட்டிக்கு அன்றைய நிகழ்ச்சியை ரத்து செய்யத் தெம்பு இல்லை. வாய் பழக்கத்தில் பேசியது. நாற்பது நிமிடம் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள், வியக்க வேண்டிய இடத்தில் வியந்தாள். 'நிச்சயமா?' என்று கேட்க வேண்டிய நேரம் வந்தபோது கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒலிப்பதிவுக்காரன் விரலை உயர்த்திக் காட்டினான்.

"வேண்டாம்" என்றாள் குட்டி. "அனுப்பாத."

அந்தப் பெண்ணின் கண்கள் மின்னின. விளையாட்டு அவளுக்குத் தெரியும். எல்லா நிகழ்ச்சியையும் கேட்டவள்.

"நிச்சயம்தான்க்கா."

"நான் விளையாடல. அந்த வேலைய வச்சுக்கோ. சாயங்காலம் வந்து தை. ஒரு வருஷம் பாரு."

"இந்தத் தடவை புது மாதிரியா கேக்கறீங்க!" என்று அவள் சிரித்தாள். "ரெண்டாவது தடவையும் சொல்றேன், நிச்சயம்."

குட்டி கண்ணாடியைப் பார்த்து, "நிறுத்து" என்று கையைக் காட்டினாள். அவன் பிரமாதம் என்று கட்டைவிரலை உயர்த்தினான். அவள் எழுந்தாள். காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனின் ஒயர் இழுத்துக்கொண்டு மைக் ஸ்டாண்டு சரிந்தது. மேஜைக்கு மேலாகக் குனிந்து போனைப் பிடுங்கப் போனாள். அந்தப் பெண் போனை மார்போடு அணைத்துக்கொண்டு, உடம்பைத் திருப்பி, "மூணாவது தடவையும் நிச்சயம்!" என்று கத்திக்கொண்டே அழுத்திவிட்டாள்.

கண்ணாடிக்குப் பின்னால் அவன் கைதட்டுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. அந்தப் பெண் ஓவென்று அழுதபடி வந்து கட்டிக்கொண்டாள். "உங்களாலதான்க்கா. உங்களாலயும் அந்த லிஃப்ட் அண்ணனாலயும். தெம்பு போறப்பல்லாம் அவரு பேசினதத்தான் கேப்பேன். அண்ணன் எப்படி இருக்காரு?"

அவள் கையில் ஸ்பிரிட் வாசனை. நேராக வேலையிலிருந்து வந்திருக்க வேண்டும்.

"வேல தேடிட்டு இருக்காரு" என்றாள் குட்டி. "பழைய இடத்துலயே போய்க் கேட்டிருக்காரு. குடுக்கல. நீ இப்பவே போன் பண்ணி, தெரியாம அனுப்பிட்டேன்னு சொல்லு."

சிரிப்பு அந்தப் பெண்ணின் முகத்தில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. எப்படி அதை இறக்கிவைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தாள். போன் சிணுங்கியது. பார்த்தாள். பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரே வரி: 'சரி. நாளைக்குள் அலமாரிச் சாவியை ஒப்படைக்கவும்.'

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவருகே நின்று திரும்பினாள்.

"இத ஏன்க்கா இத்தன நாளா மைக்ல சொல்லல?"

படிகளில் அவள் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. குட்டி பின்னாலேயே ஓடினாள். தெருவுக்கு வருவதற்குள் அவள் ஏதோ ஒரு வண்டியில் ஏறிவிட்டிருந்தாள். மேலே வந்தபோது ஒலிப்பதிவுக்காரன் சரிந்த மைக்கை நிமிர்த்திக்கொண்டிருந்தான்.

"கடைசிப் பகுதிய வெட்டிடவா?"

"வெட்டாத."

"விளம்பரம் குடுக்கிறவங்க கிழிச்சுத் தோரணம் கட்டிடுவாங்க."

அவள் வண்டிச் சாவியை எடுத்தாள்.

பன்னிரண்டில் மிஞ்சிய அந்த ஒரு கட்டடத்துக்கு வந்தபோது மணி நாலு. லிஃப்டில் 'வேலை நடக்கிறது' என்று பலகை தொங்கியது. ஏழு மாடி ஏறினாள். ஏழாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. அதற்குள் எட்டிப் பார்த்தால் முழங்கால் அளவு கீழே லிஃப்டுப் பெட்டியின் கூரை. அதன்மேல் நெற்றி விளக்கோடு அத்தான் குந்தியிருந்தார்.

"யாரு, குட்டியா? ஏன் இப்படி மூச்சு வாங்குது? ஒண்ணுமில்ல, சின்னதா ஒரு அட்ஜஸ்ட்மென்ட். அடுத்த மாசம்..."

அவர் காலடியில் பெட்டி கழற்றி வைக்கப்பட்டிருந்தது. ஒயர்களை ஒழுங்காகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தார்.

"மேனேஜரப் பாத்துட்டு வரேன் அத்தான்."

அவர் கையில் திருகிக்கொண்டிருந்த திருப்புளி நின்றது.

"சொல்லிட்டாரா?"

"ம்."

"நீ எதுக்குப் போன?" என்று கேட்டவர், கேட்டு முடிப்பதற்குள் புரிந்துகொண்டார். சிரித்தார். அந்தச் சிரிப்பு லிஃப்ட் குழிக்குள் அடிவரை போய்த் திரும்பி வந்தது. "ரெண்டு பேரும் சேந்தே போயிருக்கலாம். பெட்ரோலாவது மிச்சமாயிருக்கும்."

அவள் லிஃப்ட் வாசற்படியில் உட்கார்ந்தாள். "என்கிட்ட எதுக்கு அத்தான் மறைச்சீங்க?"

"மூணு தொலைச்சிட்டு நிக்கிற. நாலாவதும் போச்சுன்னு நான் எந்த வாயால சொல்றது? உன் மூஞ்சியப் பாத்தா சொல்ல வரல."

"எனக்கும் உங்க மூஞ்சியப் பாத்துதான் சொல்ல வரல."

அவர் விளக்கைக் கீழே சாய்த்துக்கொண்டார். அவள் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். கடைசியில் கேட்ட கேள்வியையும் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார்.

"அந்தப் பொண்ணு என்ன வேல பாத்துச்சு?"

"ரத்தப் பரிசோதனை."

"நல்ல வேல" என்றார்.

அவள் போன் அடித்தது. அக்கா. இரண்டு பேரும் அந்த வெளிச்சத்தையே பார்த்தார்கள். நின்றது. மறுபடி அடித்தது.

"எடு" என்றார் அத்தான்.

"அவரு போன் எடுக்க மாட்டேங்கறாரு குட்டி. நாலு தடவ பண்ணிட்டேன்." அக்காவின் குரல் உடைந்திருந்தது.

"என்கூடத்தான் இருக்காருக்கா."

"பேசறாரா?"

"பேசறாரு."

"குடு" என்றாள் அக்கா.

அத்தான் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். "நான்தான்" என்றார். காதில் வைத்தபடியே மற்றொரு கையை அவளிடம் நீட்டி, இறங்கச் சொன்னார். எந்தக் கம்பியைப் பிடிக்க வேண்டும், எங்கே கால் வைக்க வேண்டும் என்று விளக்கால் காட்டினார். அவள் கூரைமேல் இறங்கி அவர் பக்கத்தில் குந்தினாள். அவர் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, கூரையிலிருந்தே லிஃப்டை ஓட்டும் பராமரிப்புப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார்.

லிஃப்ட் ஆமை வேகத்தில் இறங்கியது. சுவர் மேலே போனது. ஆறாவது மாடிக் கதவின் இடுக்கிலிருந்து ஒரு கோடு வெளிச்சம் வந்து, அத்தானின் நெற்றியில் தொடங்கி கழுத்து வரை வழிந்து போயிற்று. பிறகு இருட்டு. ஐந்தாவது மாடி. கதவுக்கு அப்பால் யாரோ சாவிக்கொத்தைத் தேடும் சத்தம். போனிலிருந்து அக்காவின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. என்ன சொல்கிறாள் என்று விளங்கவில்லை. நான்காவது மாடி தாண்டியதும் அதுவும் அறுந்துபோனது. அத்தான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அடுத்த வெளிச்சம் வரும் வரைக்கும் இருட்டுக்குள், "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டே வந்தார்.