கழுதை பாலம் ஏறிய வருடம்

"அம்மா, ஆட்டத்த முடி. இன்னைக்கே, இப்பவே முடி."

இதை மட்டும் அம்மாவிடம் கேட்டுவிடாதே என்று அண்ணன் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தான். அவன் ஒருமுறை கேட்டுப் பார்த்தவன். அதற்கப்புறம் அவனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள். "சுவரே, அவனைச் சாப்பிட வரச் சொல்லு."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் பொழுதெல்லாம் படுக்கை விரிப்புகளை மடித்துவிட்டு வருகிறவள், வீட்டுக்கு வந்தும் துணியைத்தான் தேய்ப்பாள். கேட்டால், "அது அவங்க துணி, இது நம்ம துணி" என்பாள்.

"எந்த ஆட்டம்?" என்றாள்.

"எந்த ஆட்டமா? உன் போன்ல வேற எத்தனை ஆட்டம் இருக்கு?"

"கத்தாதே. படிச்ச பிள்ளை மாதிரி பேசு."

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியது நான் ஒருத்திதான். அதனால் வீட்டுக்கு வருகிற எல்லா விண்ணப்பமும் என் தலையில் விழும். கோபப்பட மட்டும் எனக்கு உரிமை கிடையாது. "இவ்வளவு படிச்சிட்டு பொம்மை ஓட்டிக்கிட்டு இருக்கா" என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். திரியட்டும். அந்தப் பொம்மைக்குக் கணினி நிரல் எழுதியது நான், படம் வரைந்தது சுருட்டை. சுருட்டை என் கல்லூரித் தோழி. அவள் முடியைப் பார்த்தவர்கள் பெயர்க்காரணம் கேட்பதில்லை.

ஆட்டம் இதுதான். வெள்ளம் வந்து போன ஊரிலிருந்து ஒருத்தி தன் கழுதையோடு கிளம்புகிறாள். சேற்றில் கிடக்கும் பாத்திரம், நாற்காலி, யாருடையதோ ஒரு கடிகாரம் என்று கிடைத்ததையெல்லாம் அதன் முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கிறாள். கடைசியில் ஒரு மரப்பாலம். கழுதை அதில் கால் வைக்காது. அவள் மட்டும் தனியாகக் கடக்க வேண்டும். கடந்தால் ஆட்டம் முடிந்தது. கழுதைக்குக் குரல் கொடுத்தது அண்ணன். மாடிப்படிக்குக் கீழே நிற்க வைத்துக் கத்தச் சொல்லிப் பதிவு செய்தேன். அம்மா முதல் தடவை கேட்டதுமே, "ஏன் இவனுக்குத் தொண்டை கட்டியிருக்கு?" என்றாள்.

வருடக் கடைசியில் எங்கள் ஆட்டத்தை ஆடுகிறவர்களுக்கு நான் ஒரு பதிவு எழுதுவது வழக்கம். இந்த வருடம் என்ன செய்தோம், அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று. போன வருடம் வாய்க்கொழுப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்: 'எங்கள் முதல் ஆட்டக்காரர் என் அம்மா. அவர் இதை முடித்த பிறகுதான் அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவேன்.' விளையாட்டாக எழுதியது வினையாகிவிட்டது. முகம் தெரியாதவர்களெல்லாம் 'அம்மா முடிச்சாச்சா?' என்று கேட்கிறார்கள். அம்மாவோ பாலத்துக்கு இந்தப் பக்கமே கூடாரம் போட்டுவிட்டாள்.

இந்த வருடத்துப் பதிவை எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கழுதைக்குத் தண்ணீர்த் தொட்டி வைத்தோம், அம்மா கேட்டது. மழைக்கு ஒதுங்க ஒரு கூரை; அதுவும் அம்மா. உட்கார ஒரு கல், "எவ்வளவு நேரம்தான் நிப்பா, அவளுக்குக் கால் வலிக்காதா?" ஒரு வருடம் முழுக்க ஒரே ஒரு ஆட்டக்காரிக்கு வேலை பார்த்திருக்கிறேன். 'அடுத்து' என்ற தலைப்புக்குக் கீழே வெறும் வெள்ளை.

சுருட்டை வேறு ஊரில் ஓர் அறை பிடித்துவிட்டாள். "ரெண்டு மேசை, ஒரு ஜன்னல். ஜன்னல் பக்கம் உனக்கு. வரியா, இல்ல வேற ஆளைப் பார்க்கட்டுமா?" என்று போன வாரம் கேட்டாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்தச் சண்டை நடந்த அன்று மாலைதான் ரயில். அதை அம்மாவிடம் சொல்ல நாக்கு எழவில்லை. அதற்குப் பதிலாகத்தான் ஆட்டத்தை முடி என்று கத்திக்கொண்டிருந்தேன். அவள் முடிக்காமல் நான் கிளம்பினால், அவளை அந்தச் சேற்றிலேயே நிறுத்திவிட்டுப் போவது போல இருந்தது. பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும்.

"ஏன் முடிக்க மாட்டேங்கற?"

"கழுதை பாலத்துல வராதாமே."

"வராதுதான். கதையே அப்படித்தான்."

"யார் எழுதின கதை?"

"நான்தான்."

"அப்ப வர்ற மாதிரி எழுது."

"மா, அது விட்டுட்டுப் போறதப் பத்தின கதை. அவ அதை விட்டுட்டுத்தான் போகணும். அந்த இடத்துல அழுதோம்னு எத்தனை பேர் எனக்கு எழுதறாங்க தெரியுமா?"

"ஊரை அழ வைக்கறதுக்கா முதுகு வலிக்க உட்கார்ந்திருந்தே?"

மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு முக்காலி மேல் நின்றிருந்த அண்ணன் எட்டிப் பார்த்தான். வெளியே எல்லார் வீட்டு மின்விசிறியையும் சரி செய்கிறவன். எங்கள் வீட்டு மின்விசிறிக்கு அன்றுதான் நேரம் கிடைத்திருந்தது. "வேணும்னா கழுதை பாலத்துல ஏறுற மாதிரி இன்னொரு கத்து கத்தித் தரட்டுமா?"

"நீ வாய மூடு" என்று நானும் அம்மாவும் ஒரே குரலில் சொன்னோம்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "குடு, நானே முடிச்சுத் தரேன்" என்று மேசை மேலிருந்த அவள் போனை எடுத்தேன்.

"தொடாதே!"

அம்மா அப்படிப் பதறி நான் பார்த்ததில்லை. அதற்குள் ஆட்டத்தைத் திறந்துவிட்டேன். திரையில் இருந்த இடம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் வரிசையாக வீடுகள், ஒன்றுக்கும் கதவு இல்லை. நடுத்தெருவில் ஆட்டத்துப் பெண் நின்றிருந்தாள். பக்கத்தில், முதுகில் நாற்காலியும் கடிகாரமுமாக, கழுதை.

அது பாலத்துக்கு அந்தப் பக்கம். தூரத்தில் ஏதோ தெரியட்டும் என்று சுருட்டை போகிற போக்கில் வரைந்த கரை. அவள் தனியாகக் கரையேறினால்தான் ஆட்டம் முடியும். கழுதையோடு ஏறினால் என்ன செய்வதென்று ஆட்டத்துக்கு நான் சொல்லித் தரவே இல்லை. அதனால் அது முடியாமல் அப்படியே நின்றிருக்கிறது.

"எப்படிம்மா?"

அம்மா மாட்டிக்கொண்டவள் போல அசடு வழிந்தாள். "பாலத்துக்கிட்ட நின்னு கழுதையப் பார்த்துட்டு இருந்தேனா, அடுப்புல பால் பொங்கிடுச்சு. கழுதை மேல வச்ச விரலை எடுக்காம அப்படியே போனோட ஓடினேன். அணைச்சிட்டுப் பார்த்தா கழுதை பாலத்து மேல நிக்குது."

"இழுத்தாக்கூட வராதே அது!"

"இழுத்தா வராதுதான். அதும் மூஞ்சியப் பார்த்துக்கிட்டே பின்பக்கமா நடந்தா வருது."

ஆட்டத்தில் அவள் முகம் பாலத்தை நோக்கித் திரும்பினால் கழுதை நின்றுவிட வேண்டும் என்றுதான் எழுதியிருந்தேன். பாலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏறுகிற பிறவி ஒன்று என் வீட்டிலேயே இருக்கும் என்று நினைக்கவில்லை.

"எப்பலேர்ந்து?"

"தொட்டி வச்சுக் குடுத்தியே, அதுக்கும் முன்னாடி."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ சரி பண்ணிடுவே."

உண்மைதான். பிழை என்று காதில் விழுந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. அன்றைக்கே திருத்தி அனுப்பியிருப்பேன், கழுதையைத் திரும்ப அந்தச் சேற்றிலேயே நிறுத்தியிருப்பேன்.

"அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லையே. அங்க என்ன பண்ற?"

"நடக்கறோம்." ஏதோ பக்கத்து வீட்டுக்காரியோடு நடந்துவிட்டு வந்தவள் போலச் சொன்னாள். "தட்டிப் பார்க்கலாம்னா ஒரு வீட்டுக்கும் கதவு இல்ல. நீ அந்தப் பக்கம் போயே பார்த்ததில்லையா?"

"இல்ல."

"நல்லா இருக்கு போ."

"அங்க போய்ட்டேன்னா, தொட்டி, கூரை, கல்லு, அதெல்லாம் இந்தப் பக்கத்துக்கு எதுக்குக் கேட்டே?"

அம்மா என் சட்டை ஒன்றின் காலரை விரித்து, இல்லாத சுருக்கத்தைத் தேய்த்தாள். "கேட்டாத்தான் நீ பக்கத்துல வந்து உட்காருவே. எங்க, காட்டும்மான்னு."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் போன் மேல் காட்டலாமா என்று பார்த்தேன். அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பையில கம்பளி வைக்கல நீ" என்றாள்.

"எந்தப் பை?"

"எந்தப் பையா? கட்டிலுக்கு அடியில வேற எத்தனை பை இருக்கு?"

"நான் ஒண்ணும் சொல்லல" என்றான் அண்ணன், முக்காலி மேலிருந்து.

"இவன் சொல்லணுமா? வாரம் பூரா அந்தப் பையத் தள்ளித் தள்ளித்தான் பெருக்கறேன்."

போக வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. தேய்த்த சட்டைகளைச் சூடு ஆறுவதற்குள் பையில் அடுக்கினாள். நான் இஸ்திரி மேசையின் ஓரத்திலேயே மடிக்கணினியைத் திறந்து, வெள்ளையாகக் கிடந்த இடத்தில் எழுதினேன்.

'அம்மா ஆட்டத்தை முடிக்கவில்லை. முடிக்கவும் மாட்டார். கழுதையோடு பாலத்தைக் கடந்துவிட்டார். எப்படி என்று சொல்ல மாட்டேன், நீங்களே கண்டுபிடியுங்கள். அது என் பிழை. அதைத் திருத்தப் போவதில்லை. அடுத்த ஆட்டம் அந்தக் கரையில் தொடங்கும். முதல் வேலையாக வீடுகளுக்குக் கதவு வைக்கிறோம்.'

படித்துக் காட்டினேன்.

"தண்ணித் தொட்டி?" என்றாள் அம்மா.

"வைப்பேன்."

"கழுதைக்கு வேற குரல் போட்டுடாதே."

"ஏன் போடறேன்? இவன் குரலுக்கு என்னவாம்?"

"அதத்தான் சொல்றேன். பழகிடுச்சு."

அண்ணன் கத்தியே காட்டினான். கீழ் வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.

பதிவை அனுப்பிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினேன். அம்மா படிக்கட்டு வரைக்கும் வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்த்தபடியே, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக இறங்கினேன்.

"ஏய், நான் என்ன கழுதையா, பின்னாலயே வர்றதுக்கு? எனக்கு வேலை கிடக்கு. நேராப் பார்த்து இறங்கு!"

திரும்பி, நேராகப் பார்த்து, தெருவில் இறங்கி நடந்தேன்.