பதினாறாம் நாள் கொப்புளம்

வந்த கடுப்பில் சத்யபிரியா பேனாவை மேசைமேல் விட்டெறிந்தாள். கதிரை அளக்கும் தண்ணீர்த் தொட்டியை மெஷினுக்கு அடியில் வைத்து மூன்றாவது தடவையாக அளந்தாயிற்று. கதிர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்புறம் எங்கிருந்து ஐயா வந்தது அந்தக் கொப்புளம்?

புதுக்கோட்டையில் இருந்த அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் யாருக்கு எவ்வளவு கதிர் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவள் அவள்தான். ஆவூரில் கடலைக்காட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வருகிற அமலராணிக்கு, கட்டியை எடுத்த மார்பில் இருபத்தைந்து நாள் கதிர் வைக்க வேண்டும். பதினாறாம் நாளே தோல் வெந்து கொப்புளம் கட்டிவிட்டது.

"ஒங்க கணக்குலதான் தப்பு இருக்கும்," என்று டாக்டர் லக்ஷ்மணன் காலையில் நர்சுகள் முன்னாலேயே சொல்லிவிட்டார். "தோலு உரிஞ்சா நிறுத்தணும். நடுவுல நிறுத்துனா நோய் திரும்பத் தலையெடுக்கும். சாயங்காலத்துக்குள்ள காரணம் சொல்லுங்க."

சொல்வதற்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது! இந்தக் கதிர் தோலைப் பெரிதாக ஒன்றும் செய்யாதே. நுழைந்ததும் தன் முழு வேலையைக் காட்டாது. உள்ளே எலக்ட்ரான்களைத் தட்டிக் கிளப்பி, ஒரு விரற்கடை ஆழத்தில்தான் உச்சத்துக்கு வரும். அதற்குள் தோல் தப்பித்துக்கொள்ளும். தப்பிக்க வேண்டிய தோல் எப்படி வெந்தது? யோசித்து யோசித்து அவளுக்கு மண்டை காய்ந்தது.

கடைசியில் டெக்னீஷியன் ரஞ்சிதாவிடம் போய் நின்றாள். "கதிர் வைக்க வேணாம். அவங்கள தெனமும் எப்புடிப் படுக்க வைப்பியோ அப்புடியே படுக்க வையி. நான் பாக்கணும்."

ரஞ்சிதா அமலராணியைப் படுக்கவைத்தாள். மார்பில் வரைந்த கோடுகளோடு மெஷினின் வெளிச்சம் பொருந்துகிறதா என்று சரிபார்த்தாள். எல்லாம் சரி. வெளியே வரத் திரும்பியபோது, அமலராணி பைக்குள்ளிருந்து சொட்டச் சொட்ட ஒரு துண்டை எடுத்து, நாலாக மடித்து, மார்பின்மேல் போட்டுக்கொண்டாள். ரஞ்சிதா கண்டுகொள்ளவே இல்லை.

"ஏய், என்னடி இது?"

"எரியுதுன்னாங்க மேடம், பாவம். எலும்பையே தாண்டிப் போற கதிரு. ஒரு துணியா அதை நிறுத்திரப் போகுது?"

"நிறுத்தாது! அதுதான்டி பிரச்சினையே!" சத்யபிரியா தலையில் அடித்துக்கொண்டாள். "ஈரத்துண்டுக்குள்ளயே ஏறி உச்சத்துக்கு வந்துருது. அதுக்கு இப்ப துண்டுதான் தோலு. நெசத் தோலுல முழுசா எறங்குது!"

அமலராணி பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தாள். "மொதல்ல ரெண்டு மடிப்புதான் தாயி போட்டேன். எரிச்சல் கூடக் கூட மடிப்பைக் கூட்டிக்கிட்டேன்."

"எந்தப் புண்ணியவான் சொன்னான் ஒங்களுக்கு?"

அமலராணி ரஞ்சிதாவைப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நீங்கதான தாயி சொன்னீங்க. போன வாரம் போன் பேசிக்கிட்டே அங்கிட்டுப் போனீங்க. எரியுதுன்னு கேட்டேன். 'ஈரத்துணி போட்டுக்குங்க, சரியாப் போகும்'னீங்க. கதிரு வைக்கிறப்பப் போட்டாத்தான் சரியாகும்னு இங்கனயே போட்டுக்கிட்டேன்."

சத்யபிரியா சொல்லித்தான் இருந்தாள். வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்ளச் சொல்ல நினைத்தவள்தான். நின்று இன்னும் ஒரு வாக்கியம் பேச அன்றைக்கு அவளுக்கு நேரமில்லை.

நேரே டாக்டர் அறைக்குப் போய் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். லக்ஷ்மணன் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "புண் ஆற ரெண்டு வாரமாவது ஆகும். அதுவரைக்கும் கதிர் வைக்க முடியாது," என்றார். "நீங்களே போய்ச் சொல்லுங்க."

வெளியே பெஞ்சில் அமலராணி காத்திருந்தாள்.

"அம்மா, ரெண்டு வாரத்துக்கு நீங்க வர வேணாம்."

அமலராணியின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "கொணமாயிருச்சா தாயி?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லம்மா," என்றாள் சத்யபிரியா. "என்னாலதான் நின்னுபோச்சு."