மேயருக்காகக் காத்திருந்த பறவை

காலை ஏழு மணிக்கு, பறவைக் கணக்கெடுப்புக்காகக் காப்பித் தோட்டத்தில் கட்டியிருந்த மூன்றாவது வலையில் அந்தச் சின்னப் பறவை சிக்கியிருந்தது. யாமிலே அதன் காலிலிருந்த அலுமினிய வளையத்தைத் திருப்பி எண்ணைப் படித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வளையத்தை மாட்டியவளே அவள்தான். மஞ்சள் கழுத்தில் கருமணி மாலை போட்டதுபோல் கோடுகள். கனடாவிலிருந்து இந்தக் கொலம்பியா மலைக்கு அது வந்திருப்பது மூன்றாவது வருஷம். பத்து கிராம்கூடத் தேறாத உடம்பு.

எடை போட்டு, இறக்கையை அளந்து, உடனே பறக்கவிட வேண்டும். துணிப்பையில் அரைமணிக்கு மேல் எந்தப் பறவையையும் வைக்கக்கூடாது. ஊர்ப் பறவைக் குழுவின் முதல் விதி அது. அதைப் பலகையில் எழுதிக் கொட்டகையில் மாட்டியவர் குழுத் தலைவர் எவெலியோ; மரியாதைக்கு எல்லோரும் 'தோன்' எவெலியோ என்பார்கள். யாமிலேயின் மகளுக்கு அவர் ஞானத்தந்தை. அந்த உறவில் அவளைக் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்.

"அதை விட்டுறாதீங்க கொமாத்ரே. எட்டு மணிக்கு மேயர் வர்றாரு. அவர் கையால பறக்கவிட்டு ஒரு போட்டோ எடுக்கணும்."

"இது இன்னும் ரெண்டு வாரத்துல கனடாவுக்குக் கிளம்பணும், தோன் எவெலியோ. வேற ஏதாவது பிடிச்சு வச்சுக்கலாமே."

"மத்ததெல்லாம் தவிட்டு நிறம், போட்டோவுல எடுபடாது. கொட்டகைக்குக் கூரை போட்டுத் தரேன்னு சொல்லியிருக்காரு, மறந்துட்டீங்களா?"

அவள் மறக்கவில்லை. போன மழையில் ஒழுகி, மூன்று வருஷக் குறிப்பேடுகள் ஊறிப்போயிருந்தன. பறவையைத் துணிப்பையில் விட்டு, வாயை இழுத்துக் கட்டி வாழை நிழலில் மாட்டினாள்.

எட்டு மணிக்கு, மேயர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. ஒன்பதுக்குப் பாலத்தைத் தாண்டிவிட்டார் என்றார்கள். வருகிறார், வருகிறார் என்று சொல்லியே ஒரு ஊரை நிற்க வைத்துவிடலாம். அவருக்காகச் சுட்ட சோள அடை ஆறி விறைத்தது. யாமிலே பையைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே படபடப்பு. அரைமணி கழித்துத் தொட்டபோது லேசான ஒரு அசைவு மட்டும்.

"விட்டுறட்டுமா?"

"பத்தே நிமிஷம்."

வெயில் பைமேல் ஏறியது. அவள் அதை வேறு நிழலுக்கு மாற்றினாள். முடிச்சை மட்டும் அவிழ்க்கவில்லை.

மேயர் பத்தரைக்கு வந்தார். யாமிலே பைக்குள் கைவிட்டாள். சூடு இருந்தது, உயிர் இல்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் எவெலியோ பறவையை வாங்கி மேயரின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"ரொம்ப சாதுவா இருக்கே," என்றார் மேயர், கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி. "தூங்குதா?"

"ஆமாங்க ஐயா. இது அப்படித்தான்," என்றார் எவெலியோ.

போட்டோ முடிந்ததும் பறவையைக் குனிந்துகூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டு மேயர் வண்டி ஏறினார். கூரையைப் பற்றிக் கேட்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

யாமிலே குறிப்பேட்டைத் திறந்தாள்.

"பறக்கவிட்டாச்சுன்னு எழுதுங்க கொமாத்ரே."

"செத்துப்போச்சுன்னுதான் எழுதுவேன். மேயருக்காக மூணரை மணி நேரம் பையில வச்சிருந்தோம்னும் எழுதுவேன்."

"அவர் பேரை எதுக்கு இழுக்கறீங்க?"

"சரி, என் பேரையே எழுதுறேன். முடிச்சு என் கையிலதான இருந்துச்சு." பேனாவை அழுத்தி எழுதினாள். யார்மேல் அதிகக் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுவாரம் எவெலியோ அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். அடியில், 'பறவைகளின் காவலர் நம் மேயர்' என்று அச்சாகியிருந்தது.

"மாட்டுங்க," என்றாள் யாமிலே. "ஆனா உங்க விதிப் பலகைக்குப் பக்கத்துலயே மாட்டுங்க. புதுசா வர்றவங்க கேட்டா, அவர் கையில இருக்கிறது செத்த பறவைன்னு நான் சொல்வேன். பெரிய மனுஷனுக்காகக் காத்து நிக்கறது நம்ம தலையெழுத்துன்னே வச்சுக்குவோம். நம்ம கைக்குள்ள இருக்கிற உயிரையும் சேர்த்துக் காக்க வைக்க நமக்கு உரிமை கிடையாது. இனி யார் வந்தாலும், யார் வராட்டியும், அரைமணி ஆனா நான் பையை அவிழ்த்துருவேன்."