பரீட்சைக்கு ஒரு வழியனுப்பு

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேல்லயத்து வீட்டு வரிசையிலிருந்து டவுன் பள்ளிக்கூடத்து ஆறாம் வகுப்புக்குப் போன முதல் ஆள் நாகலெட்சுமி. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் தேவையில்லை என்பது துரைமார் எண்ணம். அதை மறுத்துப் பேச லயத்தில் யாருக்கும் ஓய்வு இருந்ததில்லை. நாகலெட்சுமியின் கெட்ட காலம், அவளுக்குப் படிப்பு வந்தது.

டவுனில் நிபந்தனை போட்டுத்தான் சேர்த்தார்கள். தோட்டத்துப் பிள்ளை, முதல் வருடக் கடைசிப் பரீட்சையில் ஒரு பாடம் தவறினாலும் இடமில்லை. அங்கே இடமில்லையென்றால் இங்கே இடம் தயாராக இருந்தது. தோட்டத்தில் பேர் பதிந்துகொண்டு, அம்மா காளியாயிக்குப் பக்கத்து நிரையில் கொழுந்துக் கூடையோடு நிற்கலாம்.

அந்த வருடத்தில் அவளுக்குக் கிடைக்காமல் போனது தூக்கம். விடியலில் வேலைக்குக் கூப்பிடும் தப்பு மேளம் அடித்ததும் அம்மா பெரட்டுக் களத்துக்கு ஆள் கணக்குக் கொடுக்க ஓடுவாள். மகள் பஸ்ஸுக்கு ரோட்டில் இறங்குவாள். சாயந்தரம் வந்தால், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவிலிருந்து தம்பியைத் தூக்கிவர வேண்டும், பீலியில் தண்ணீர் பிடிக்க வேண்டும், அடுப்பு ஊத வேண்டும். பிறகு குப்பி விளக்கடியில் பூமிசாஸ்திரத்தைத் திறப்பாள். இமயமலையைத் தாண்டுவதற்குள் கன்னம் புத்தகத்தில் விழுந்திருக்கும்.

இதெல்லாம் போதாதென்று தலைவர் சோலைமலை இருந்தார். தோட்டத்துச் சங்கத்துக்குத் தலைவர். தோளில் துண்டு, இல்லாத மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு வருகிற குரல். பீலியடியில் இரண்டு பெண்கள் நின்றாலும் "தாய்மார்களே" என்றுதான் ஆரம்பிப்பார். குடம் நிரம்பி வழிந்தாலும் முடிக்க மாட்டார். பரீட்சை என்றைக்கு என்று அவர் ஒரு நாள் கேட்டார். டிசம்பர் மாத நத்தார் லீவுக்கு முந்தின வாரம், முதல் நாள் கணக்கு என்று நாகலெட்சுமி சொல்லிவிட்டாள். அந்த வருடம் அவள் போட்ட ஒரே தப்புக் கணக்கு அது.

கப்பலேறி ஒரேயடியாக இந்தியாவுக்குப் போகிறவர்களைத் தப்படித்து, மாலை போட்டு, ரோடு வரை கொண்டுபோய் விடுவது தோட்டத்து வழக்கம். ஊர் எல்லையைத் தாண்டும் காரியம் எதுவானாலும் அதே மரியாதைதான் என்று தலைவர் தீர்மானித்திருந்தார். கணக்குப் பரீட்சையன்று அவள் கதவைத் திறந்தபோது வாசலில் தப்பு நின்றது, கற்பூரத் தட்டு நின்றது, செவ்வந்தி மாலையோடு தலைவர் நின்றார். ராக்காயிக் கிழவி வழக்கத்தை விடாமல் அவளைக் கட்டிப்பிடித்து, இனி எந்தப் பிறவியில் பார்ப்பேனோ என்று ஒப்பாரி வைத்தாள். சாயந்தரம் வந்துவிடுவேன் என்று நாகலெட்சுமி சொன்னது தப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஊர்வலத்தைப் பெரட்டுக் களத்துக்குத் திருப்பினார் தலைவர். அங்கே துண்டைச் சரிசெய்து, தாய்மார்களே என்றார். கண்டாக்கையா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மாமா, பஸ்ஸு போயிரும்."

"பஸ்ஸு தினந்தினம் போகும் தாயி. சரித்திரம் ஒருக்காத்தான் போகும்."

சரித்திரம் வெள்ளைக்காரன் வந்த காலத்துக்குப் போய் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது, கீழே வளைவில் பஸ் ஹார்ன் அடித்துவிட்டுப் போனது.

தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் இறங்கினாள். பனியில் பாவாடை முழங்கால் வரை நனைந்து கனத்தது. கொஞ்ச தூரம் ஓடினாள், பிறகு நடந்தாள். ஒரு வருடத்துத் தூக்கமும் கால்களில் வந்து உட்கார்ந்துகொண்டது. பரீட்சை மண்டபத்து வாசலில் கழுத்து மாலையோடு அவள் நின்றபோது பாதி நேரம் போய்விட்டிருந்தது. டோரீன் டீச்சர் ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன புள்ள இது, கலியாணமா?"

"இல்ல டீச்சர். தலைவரு வழியனுப்பி வச்சாரு."

டோரீன் டீச்சரும் பட்டிப்பொலப் பக்கத்து லயத்தில் பிறந்தவர்தான். மேற்கொண்டு விளக்கம் கேட்கவில்லை. மாலையைக் கழற்றித் தன் மேசையில் வைத்துவிட்டு வினாத்தாளைக் கொடுத்தார். நீளக் கணக்குகளை நாகலெட்சுமி தொடவேயில்லை. தெரிந்தவற்றை மட்டும் போட்டுக்கொண்டே போனாள். மணி அடித்தபோது போட ஆரம்பித்த ஒரு கணக்கு விடை இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மற்ற நாட்களில் பஸ் பிடித்தாள். வழியனுப்பியதில் தலைவருக்குத் தொண்டை கட்டிவிட்டிருந்தது.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, கணக்கில் மயிரிழையில் தப்பித்தாய் என்று டோரீன் டீச்சர் சொன்னார். மற்ற பாடங்களில் நன்றாகவே வந்திருந்தது. ஏழாம் வகுப்பில் இடம் உண்டு. நாகலெட்சுமிக்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்ததும் தூங்கிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பாராட்டுக் கூட்டம். இந்த வெற்றிக்குக் காரணம் அன்றைய வழியனுப்புதான் என்று தலைவர் விளக்கினார். தப்புச் சத்தம் பிள்ளையின் மூளையைத் தட்டி எழுப்பியது. மாலை தைரியம் கொடுத்தது. நாற்காலியில் வைக்கப்பட்டிருந்த நாகலெட்சுமியின் தலை மெல்ல மெல்லக் கவிழ்ந்தது.

"பாருங்க தாய்மார்களே, என்னா அடக்கம்," என்றார் தலைவர். "தலைய நிமித்துதா பாருங்க."

கைதட்டலில் அவள் விழித்துக்கொண்டாள். அடுத்த பரீட்சைக்குத் தப்பு மட்டும் இல்லை, தலவாக்கலையிலிருந்து பேண்டு வாத்தியமே வரும் என்று அவர் அறிவித்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, பரீட்சை எப்போது என்று அவளிடமே கேட்டார். அவளுக்குக் கொட்டாவிதான் வந்தது. பொய் சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது.

கூட்டத்தின் ஓரத்தில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற காளியாயி ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.

"அடுத்த வருசப் பொங்கல் கழிச்சுத்தான் தலைவரே," என்றாள். "இப்பல்லாம் அப்படித்தான் வைக்கிறாங்களாம்."

தலைவர் திருப்தியோடு மறுபடியும் தாய்மார்களே என்று நிமிர்ந்தார். காளியாயி வந்து மகளின் கையைப் பிடித்து நாற்காலியிலிருந்து எழுப்பினாள்.

"வா, வந்து படு."